சாக்கியர் எந்த இனம்? புத்தரின் குலமூலம் பற்றி ஒரு கேள்வி

உப்பூர் ஆசிரியை:

அவையோர்க்கு வணக்கம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் வரலாறு சொல்லிக்கொடுத்து வருகிறேன். புத்தர் பாடத்தில், சாக்கிய குலத்தில் லும்பினியில் பிறந்தார் என்ற ஒரு வரியோடு பாடநூல் நகர்ந்துவிடுகிறது. பிள்ளைகளோ அந்த வரியை விட்டு நகர மறுக்கிறார்கள். அவர்கள் கைப்பேசியில் பார்த்த காணொளிகளில் ஒன்று, அவர் இமயமலைச் சாரலின் மங்கோலிய இனத்தவர் என்கிறது. இன்னொன்று, சாக்கியர் என்போர் நடு ஆசியாவிலிருந்து இறங்கி வந்த சகர்களே என்கிறது. மூன்றாவது, அவர் முறைப்பெண்ணை மணந்தவர், ஆகவே திராவிடர், அதிலும் தமிழரே என்று அடித்துச் சொல்கிறது. இது போதாதென்று, அவர் நேபாளியா இந்தியரா என்று வகுப்பில் ஒரு வாய்த்தகராறும் நடந்து முடிந்தது.

இவற்றில் எதற்கு உண்மையான சான்று இருக்கிறது, எது வெறும் ஊகம் என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

தொண்டிக்கரை:

ஆசிரியை அம்மா, கல்லில் இருப்பதிலிருந்து தொடங்குவதே நல்லது. லும்பினியில் அசோகர் நிறுத்திய தூணின் எழுத்துகள் 1896ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிப்பட்டன. முடிசூடி இருபது ஆண்டுகள் ஆன அரசர் தாமே அங்கு வந்து வழிபட்டதாகவும், சாக்கியமுனி புத்தர் பிறந்த இடம் என்பதால் அங்கே கல் நாட்டியதாகவும், லும்பினி ஊருக்குப் பலி என்னும் வரியை நீக்கி, விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு செலுத்தினால் போதும் என்று ஆணையிட்டதாகவும் அது பிராகிருதத்தில் சொல்கிறது. புத்தர் மறைந்து ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளுக்குள் வெட்டப்பட்ட எழுத்து அது. வரிக்கணக்கோடு சேர்ந்து வருவதால் எனக்கு அதன்மேல் கூடுதல் மதிப்பு உண்டு. ஆக, பிறந்த இடமும் சாக்கியர் என்ற குலப்பெயரும் உறுதியானவை.

நேபாளியா இந்தியரா என்ற தகராறுக்கு அந்தக் காலத்தில் பொருளே இல்லை. இன்றைய எல்லைக்கு அடிப்படை, பிரித்தானியருக்கும் நேபாளத்துக்கும் இடையிலான 1816ஆம் ஆண்டின் சுகௌலி உடன்படிக்கை. சாக்கியரின் தலைநகரான கபிலவஸ்து எது என்பதிலேயே இரண்டு ஊர்கள் போட்டியிடுகின்றன: எல்லைக்கு அப்பால் நேபாளத்தின் திலௌராகோட், இப்பால் உத்தரப் பிரதேசத்தின் பிப்ரஹ்வா. பழைய சீன யாத்திரிகர்களான ஃபாஹியானும் யுவான் சுவாங்கும் வழியைச் சொல்வதில் வேறுபட்டதே இந்தப் போட்டிக்கு ஒரு காரணம். பிப்ரஹ்வாவில் 1970களின் தொடக்கத்தில் நடந்த அகழாய்வில் கபிலவஸ்து பிக்கு சங்கத்தின் பெயர் பொறித்த சுடுமண் முத்திரைகள் கிடைத்தன. திலௌராகோட்டிலோ மதிலும் அகழியும் கொண்ட நகரமே கிடைத்தது. இரண்டு இடங்களும் இமய அடிவாரத்தின் ஒரே தராய்ச் சமவெளியில், ஒரு நாள் நடை தூரத்தில் இருப்பவை. சாக்கிய நாடு இரண்டு பக்கமும் பரந்து கிடந்திருக்கும் என்பதில் வியப்பில்லை.

அவர் தம்மை யாரென்று சொல்லிக்கொண்டார் என்பது அடுத்த கேள்வி. பாலி நூல்களில் பழமையான அடுக்கைச் சேர்ந்ததாகக் கருதப்படும் சுத்தநிபாதத்தில், ராஜகிருகத்தில் மகத மன்னன் பிம்பிசாரன் அவருடைய பிறப்பைப் பற்றிக் கேட்கிறான். இமயத்தின் பக்கத்தே, கோசலத்தில் வாழும் மக்கள், கோத்திரத்தால் ஆதித்தர், பிறப்பால் சாக்கியர் என்று விடை வருகிறது. மஜ்ஜிம நிகாயம் என்ற பாலித் தொகுப்பின் 89ஆம் சுத்தத்தில், அதாவது சூத்திரத்தில், முதுமையடைந்த கோசல மன்னன் பசேனதி, பகவானும் சத்திரியர் நானும் சத்திரியன், பகவானும் கோசலர் நானும் கோசலன், இருவருக்கும் வயது எண்பது என்று நெகிழ்ந்து பேசுகிறான். நாடு, குலம், கோத்திரம், வருணம் ஆகிய நான்கும் இங்கே வந்துவிடுகின்றன. நாம் இன்று இனம் என்று கேட்பது அந்தப் பட்டியலில் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மண்டையோட்டை அளந்துகொண்டிருந்தவர்கள் அதைக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

சாக்கியர் சொல்லிக்கொண்ட தோற்றக் கதை, தீக நிகாயம் என்ற இன்னொரு பாலித் தொகுப்பின் அம்பட்ட சுத்தத்தில் இருக்கிறது. ஒக்காக மன்னன், அதாவது இட்சுவாகு, இளைய மனைவியின் மகனுக்கு அரசைக் கொடுப்பதற்காக மூத்த பிள்ளைகளை நாடு கடத்துகிறான். அவர்கள் இமயச் சாரலில் சாக மரக்காட்டருகே குடியேறி, குலம் கலந்துவிடும் என்று அஞ்சி உடன்பிறந்த சகோதரிகளையே மணக்கிறார்கள். இராமேசுவரம் தீவுக்கு அருகில் இருக்கும் நமக்கு இந்தக் கதையின் முற்பகுதி புதிதாகத் தோன்றாது. இராமனும் அதே இட்சுவாகு குலத்தவன்தான். ஆனால் அந்தக் குலப்பெயரை வைத்துக்கொண்டு இனம் கண்டுபிடிக்க முடியாது. நாகார்ஜுனகொண்டாவில் ஆண்டவர்கள் தங்களை இட்சுவாகுகள் என்றார்கள், நம் சோழர்களின் செப்பேடுகளும் சூரியனில் தொடங்கி இட்சுவாகு வழியாகத்தான் இறங்கி வருகின்றன. அந்தஸ்து வேண்டியவர்கள் எல்லோரும் போய் நின்ற வாசல் அது.

கீழக்கரைக் காக்கா:

தொண்டி ஐயா நாட்டையும் குலத்தையும் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். முறைப்பெண் வாதத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. எங்கள் ஊரில் யாரிடம் காட்டினாலும் ஒரு நிமிடத்தில் ஒத்துக்கொள்ளக்கூடிய உறவுமுறை அது.

இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சத்தின் இரண்டாம் அதிகாரம் சொல்வதைக் கேளுங்கள். கபிலவஸ்துவில் ஜெயசேனனுக்குச் சீகஹனு என்று ஒரு மகன், யசோதரா என்று ஒரு மகள். தேவதகத்தில் இன்னொரு சாக்கிய அரசனுக்கு அஞ்சனன் என்று ஒரு மகன், கச்சானா என்று ஒரு மகள். சீகஹனு கச்சானாவை மணக்கிறான், அஞ்சனன் யசோதராவை மணக்கிறான். பெண் கொடுத்துப் பெண் எடுத்தாயிற்று. சீகஹனுவின் மகன் சுத்தோதனர், அஞ்சனனின் பெண்மக்கள் மாயாவும் பஜாபதியும். சுத்தோதனர் இருவரையும் மணக்கிறார். சுத்தோதனரின் தங்கை அமிதாவை அஞ்சனனின் மகன் சுப்பபுத்தன் மணக்கிறான். அமிதாவின் மகள் பத்தகச்சானாதான் சித்தார்த்தரின் மனைவி, ராகுலனின் தாய். அப்படியானால் அந்தப் பெண் மாப்பிள்ளைக்கு அத்தை மகள், அதே சமயம் தாய்மாமா மகள். இரண்டு தலைமுறையாகக் கட்டங்கட்டமாக அமைந்த இந்த வரிசையைத் திருமணத் தரகர் வீட்டில் உட்கார்ந்து எழுதினாலும் இதைவிடச் சுத்தமாக எழுத முடியாது.

வட இந்தியாவில் இந்த வழக்கம் இல்லை என்பதைப் பழைய தரும நூலான போதாயனமே சொல்கிறது. தாய்மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பதைத் தென்னாட்டாரின் தனி வழக்கங்களில் ஒன்றாக அது எண்ணுகிறது. தென்னாட்டு வழக்கம் இமயச் சாரலில் இருந்திருந்தால், அந்த மக்கள் பிற்பாடு வந்த ஆரியர் அல்லர், அங்கே முன்பிருந்தே வாழ்ந்த திராவிட வழியினர் என்று ஒருவர் எண்ணுவதில் என்ன குறை?

கடலாடி வாசகர்:

காக்கா சொன்னதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கலாம். சாக்கியரின் பெயரைச் சாக மரத்தோடும், அவர்களுக்குப் பெண் கொடுத்துப் பெண் எடுத்த கோலியரின் பெயரைக் கோல மரத்தோடும் நூல்கள் இணைக்கின்றன. கோலம் என்பதை இலந்தை என்பார்கள். நம் மாவட்டத்தில் கொண்டையங்கோட்டை மறவர்களிடையே மிளகு, வெற்றிலை, பனை, ஈச்சம் என்று மரஞ்செடிகளின் பெயரால் கொத்துகளும், அவற்றின் கீழே தாய்வழியாக இறங்கும் கிளைகளும் உண்டு. ஒரே கிளைக்குள் பெண் எடுக்க மாட்டார்கள். திருமணப் பேச்சு தொடங்கியதும் பெரியவர்கள் முதலில் கேட்பது கிளையைத்தான். இத்தகைய மரக்குறிக் குலங்கள் நடு இந்தியாவின் முண்டா மக்களிடமும் உள்ளன. சாக்கியரையும் அப்படிப்பட்ட பழங்குடிக் கூட்டமாகக் கருதிய ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அரசன் ஒருவனே ஆளாமல், மன்றத்தில் கூடி முடிவெடுக்கும் கணமுறை அவர்களிடம் இருந்ததும் இதற்குப் பொருந்தி வருகிறது.

தொண்டிக்கரை:

காக்கா வரைந்த கட்டம் அழகாக இருக்கிறது. அந்த அழகுதான் எனக்குச் சந்தேகத்தைத் தருகிறது. மகாவம்சம் எழுதப்பட்டது கி.பி. 5ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி, இலங்கையில். புத்தருக்கும் அதற்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான இடைவெளி. இலங்கையில் சிங்களவர், தமிழர் ஆகிய இரு தரப்பிலும் மாமன் மகள், அத்தை மகளை மணப்பதே வழக்கம். அரச குலத்துப் பெரியவர் ஒருவரின் வமிசத்தை எழுத உட்கார்ந்த பிக்கு, சரியான திருமணம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று தம் ஊரில் கண்டாரோ அப்படியே அதை அமைத்தார் என்று கொள்வதுதான் பொருத்தம். வடக்கே எழுந்த நூல்களைப் பாருங்கள்: லலிதவிஸ்தரத்தில் மணப்பெண் கோபா, தண்டபாணி என்ற சாக்கியரின் மகள், அசுவகோஷரின் புத்தசரிதத்தில் யசோதரா நற்குடிப் பெண் என்ற அளவில் நிற்கிறாள். இந்த இரண்டு நூல்களிலும் முறைப்பெண் என்ற கட்டம் இல்லை. 1939இல் எமனோ என்ற திராவிட மொழியியல் அறிஞர் இந்தக் கேள்வியையே தலைப்பாக வைத்து எழுதினார். பின்னர் திராவிட உறவுமுறை பற்றிப் பெரிய நூல் எழுதிய டிரவுட்மனும் இலங்கை நூல்களின் உறவுக்கட்டத்தைச் சாக்கியர் வழக்கத்துக்குச் சான்றாக ஏற்கவில்லை.

போதாயனத்தின் சான்று உண்மையானதே, ஆனால் அது காக்காவின் பக்கம் சாயவில்லை. அது அந்த வழக்கத்தைத் தெற்கோடு கட்டிப்போடுகிறது. இமயச் சாரலில் அது இருந்ததாகச் சொல்லவில்லை.

இன்னொரு தடையும் உண்டு. அம்பட்ட சுத்தத்தின் கதையில் சாக்கியரின் முன்னோர் சொந்தச் சகோதரியரை மணந்தார்கள். இது எதிரிகள் மட்டும் கட்டிய பழி அன்று. புத்தரின் வாயாலேயே, பெருமையாகச் சொல்லப்படும் கதை. புத்தரின் முற்பிறப்புக் கதைகளுக்கு எழுந்த ஜாதக உரையில், ரோகிணி ஆற்று நீருக்காகச் சாக்கியரும் கோலியரும் சண்டையிடும்போது, நாய் நரிகளைப் போல உடன்பிறந்தாளோடு வாழ்ந்தவர்கள் என்று கோலியர் ஏசுவதும் இதைத்தான். நம் உறவுமுறையில் சித்தப்பா மகளே தங்கை, அவளை நினைப்பதும் பாவம். அப்படியிருக்க, கூடப் பிறந்தவளை மணந்த கதையைக் குலப்பெருமையாகச் சொல்லும் கூட்டத்தை எப்படித் திராவிட முறையில் சேர்ப்பது? முறைப்பெண் கதையை எடுத்துக்கொள்பவர்கள் இந்தக் கதையைத் தொடுவதே இல்லை. சகர் வாதத்தைச் சொல்பவர்களோ இதை மட்டும் பிடித்துக்கொண்டு, பழைய ஈரானில் நெருங்கிய இரத்த உறவுக்குள் மணப்பது புண்ணியமாகக் கருதப்பட்டதே என்கிறார்கள். தமக்கு வேண்டிய கதையைத் தாம் எடுத்துக்கொள்வதில் இரு சாராரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் அல்லர்.

சகர் வாதத்தை விட்ஸல், ஆட்வுட், பெக்வித் போன்ற ஆய்வாளர்கள் வெவ்வேறு அழுத்தத்தோடு முன்வைத்திருக்கிறார்கள். விட்ஸல் ஒரு சாத்தியக்கூறாகச் சொன்னதைப் பெக்வித் 2015இல் வெளியான தம் நூலில் முடிந்த முடிவாகவே எழுதினார். பெயர் ஒற்றுமைதான் அவர்களின் முதல் ஆதாரம். ஆனால் சகர்கள் படையாக வட இந்தியாவுக்குள் நுழைந்தது கி.மு. 2, 1ஆம் நூற்றாண்டுகளில். அதற்கு முன்னரே அசோகரின் தூண் சாக்கியமுனி என்று எழுதிவிட்டது. முன்பே ஒரு சிறு கூட்டம் வந்திருக்கலாமே என்று கேட்டால், இருக்கலாம் என்பதைத் தவிர வேறு விடை இல்லை. நூல்களில் நாம் காணும் சாக்கியரோ குதிரையேறித் திரியும் மேய்ச்சல்காரர்கள் அல்லர். வயலுக்கு நீர் பாய்ச்சுபவர்கள். ரோகிணிச் சண்டையே தண்ணீர் குறைந்த ஆனி மாதத்தில், அணையிலிருந்து யார் வயலுக்கு முதலில் நீரைத் திருப்புவது என்று இரு பக்கத்துக் கூலியாட்களும் கைகலந்து தொடங்கியது. நம் பக்கத்தில் கண்மாய் மடையைத் திறப்பதில் மேல்மடைக்காரனுக்கும் கடைமடைக்காரனுக்கும் வரும் சண்டையேதான்.

கடலாடித் தம்பி சொன்ன மரக்குறிக் குலம் கவனிக்கத்தக்கது. பிராமணச் சடங்குகள் ஆழமாக வேரூன்றாத கிழக்குப் பகுதியில், பழைய குடிகளும் புதிய மொழியும் கலந்த ஒரு சமூகம் அது என்ற படம்தான் இருப்பவற்றில் எனக்கு ஏற்புடையது. அம்பட்டன் என்ற இளம் பிராமணன் சாக்கியரின் மன்றத்தில் தன்னை யாரும் மதிக்கவில்லை, சிரித்தார்கள் என்று பொருமுவதும் அதற்கு இசைவாக இருக்கிறது. ஆனால் கொத்தும் கிளையும் மரப்பெயரும் உலகின் பல மூலைகளில் தனித்தனியே தோன்றியவை. அந்த ஒப்புமை கடலாடியையும் கபிலவஸ்துவையும் உறவாக்கிவிடாது.

கீழக்கரைக் காக்கா:

ஐயா, சகோதரி மணத்தை நீங்கள் எடுத்துப் போட்டதும் என் கட்டம் ஆடுகிறது, மறுக்கவில்லை. இருந்தாலும் ஒன்று: இரண்டு சாக்கியக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே பெண் மாற்றிக்கொண்டன என்ற அளவு நினைவு, இலங்கைப் பிக்குவின் கைவண்ணத்துக்கு முந்தியதாக இருக்கலாம். கோசல மன்னன் பசேனதி பெண் கேட்டபோது, சொந்த இரத்தத்தைக் கொடுக்க மனமில்லாமல் மகாநாமன் தன் அடிமைப் பெண்ணுக்குப் பிறந்த மகளைச் சாக்கியப் பெண் என்று சொல்லிக் கட்டிக்கொடுத்தான் அல்லவா? அவள் மகன் விடூடபன் தாத்தா ஊருக்கு விருந்தாட வந்து போன பிறகு, அவன் உட்கார்ந்த பலகையைப் பால் கலந்த நீரால் கழுவினார்கள். அது அவன் காதுக்கு எட்டியதுதான் சாக்கியர் அழிந்ததற்குக் காரணம் என்கிறது உரை. வெளியே பெண் கொடுக்க அவ்வளவு அஞ்சியவர்கள், உள்ளுக்குள் எந்த முறையில் மணந்திருந்தாலும் நெருங்கிய உறவில்தான் மணந்திருப்பார்கள்.

தொண்டிக்கரை:

அந்த அளவுக்கு உடன்படுகிறேன், காக்கா. குலத்துக்குள்ளேயே மணக்கும் அகமணம் என்பது வேறு, முறைமணம் என்பது வேறு. முன்னதற்குச் சான்று இருக்கிறது.

உப்பூர் ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு ஐயங்கள். சிலைகளில் உள்ள சுருள்முடியையும் முகத்தையும் வைத்து ஏதேனும் சொல்ல முடியுமா? அவருடைய எலும்புகள் தூபிகளில் இருப்பதாகச் சொல்கிறார்களே, மரபணுச் சோதனை செய்தால் தீர்ந்துவிடாதா என்றும் ஒரு பிள்ளை கேட்கிறான்.

மண்டபத்து நூலகர்:

சிலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புத்தரை மனித உருவில் செதுக்குவது கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டி, மதுராவிலும் காந்தாரத்திலும் தொடங்கியது. காந்தாரத்துச் சிற்பி கிரேக்க முகத்தைக் கொடுத்தான், மதுராவின் சிற்பி தன் ஊர் யட்சனின் உடலைக் கொடுத்தான். சுருள்முடி, மகாபுருஷனுக்குரிய இலக்கணங்களோடு சேர்ந்து வந்தது. நேரில் பார்த்தவர்கள் பேசியதாக நூலில் இருப்பதையே எடுத்துக்கொண்டாலும் தீர்வு இல்லை: மஜ்ஜிம நிகாயத்தின் 36ஆம் சுத்தத்தில், அவர் கடுந்தவத்தில் மெலிந்து கிடந்தபோது பார்த்தவர்களுள் சிலர் துறவி கோதமர் கறுப்பு என்றார்களாம், சிலர் இல்லை மாநிறம் என்றார்களாம், வேறு சிலர் இரண்டும் இல்லை என்றார்களாம்.

உறவு கொண்டாடுவதில் தமிழர் தனியாக இல்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் நேவார் மக்களுள் சாக்கியர் என்ற பிரிவினர், விடூடபனுக்குத் தப்பி வந்தவர்களின் வழியினர் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். தராயில் வாழும் தாரு மக்களிடையேயும் புத்தர் தம்மவரே என்பவர்கள் உண்டு. பர்மிய அரச வரலாறுகள் தங்கள் முதல் மன்னனைச் சாக்கிய இளவரசனாக்கின. மகாவம்சமோ விஜயனுக்குப் பெண்ணை மதுரைப் பாண்டியனிடமிருந்தும், அடுத்து வந்த பண்டுவாசுதேவனுக்குப் பெண்ணைச் சாக்கியரிடமிருந்தும் கொண்டுவருகிறது. நம் தரப்பில் அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். தாழ்த்தப்பட்டோராக ஆக்கப்பட்டவர்களே இந்த மண்ணின் ஆதி பௌத்தர்கள் என்பது அவருடைய வாதம். பறிக்கப்பட்ட மதிப்பை மீட்பதற்கான எழுத்து அது. அதன் வலிமையைக் காணொளிக்காரர்களின் இரத்தக் கணக்கோடு சேர்த்து எடைபோடுவது அவருக்குச் செய்யும் அநீதி.

எலும்புக்கு வருகிறேன். 1898இல் பிப்ரஹ்வாத் தூபியைத் தன் நிலத்தில் தோண்டிய பெப்பே என்பவர், பெரிய கற்பெட்டிக்குள் எலும்புத் துண்டுகளும், பொன் இலைகளும், மணிகளும், எழுத்துப் பொறித்த ஒரு கற்செப்பும் கண்டார். அந்தச் சிறிய எழுத்தையே அறிஞர்கள் இரண்டு விதமாகப் படித்தார்கள்: சாக்கியர் வைத்த, பகவான் புத்தரின் எலும்பு என்பது பெரும்பாலோர் வாசிப்பு; புத்தரின் உறவினரான சாக்கியரின் எலும்பு என்பது ஃபிளீட் என்ற கல்வெட்டறிஞரின் வாசிப்பு. முதல் வாசிப்பே சரி என்று வைத்துக்கொண்டாலும், அவை சிதையில் வெந்த எலும்புகள். அவ்வளவு சூட்டில் மரபணு சிதைந்துபோகும். தப்பித்தவறி ஏதேனும் கிடைத்தாலும் ஒப்பிடுவதற்கு உறுதியான இன்னொரு சாக்கியர் எலும்பு வேண்டும். அந்தத் துண்டுகளையும் பிரித்தானிய அரசு சயாம் மன்னருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. அங்கிருந்து ஒரு பங்கு பர்மாவுக்கும் இலங்கைக்கும் பிரிந்து போயிற்று, சயாமில் நின்றது பாங்காக்கின் பொற்குன்றத்து விகாரத்தில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது.